திணறும் காருக்கு எந்தக் கிளீனர்?

வடபழனி சிக்னலில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் நிற்கும் காரின் ஸ்டீயரிங் இலேசாக நடுங்குகிறது. ஆர்.பி.எம். முள் ஓரிடத்தில் நிற்காமல் 800-க்கும் 600-க்கும் இடையே ஊசலாடுகிறது. பச்சை விளக்கு விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, ஒருமுறை இருமிவிட்டுத்தான் நகர்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். இந்த நிலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ இணையத்திலோ விசாரித்தால், பெட்ரோல் டேங்கில் ஊற்ற வேண்டிய கிளீனர் என்று பத்து வகைக் குப்பிகளைக் காட்டுவார்கள். எல்லாக் குப்பிகளும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன. உள்ளே இருக்கும் பொருள் மட்டும் ஒன்றல்ல. அவற்றில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

டேங்கில் ஊற்றிய திரவம் பெட்ரோல் போகும் வழியில் மட்டுமே போகும். டேங்கிலிருந்து பம்ப், ஃபில்டர், குழாய், பெட்ரோலைத் தூறலாகத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதன்பின் உள்வாங்கும் வால்வின் முதுகு, கடைசியாக எரியறை என்பதே அந்த வழி. இந்தப் பாதையில் படிந்த அழுக்கைத்தான் எந்தக் கிளீனரும் தொட முடியும். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், குலுங்கும். ஆனால் அது காற்று போகும் வழி என்பதால், எவ்வளவு உயர்ந்த குப்பியை டேங்கில் கவிழ்த்தாலும் ஒரு சொட்டுகூட அங்கே போய்ச் சேராது. அதற்கென்று தனி ஸ்பிரே இருக்கிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், அந்தப் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாவது, வெடிப்பு விழுந்த ரப்பர் குழாய், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகியவற்றின் கதையும் இதுவே.

பெட்ரோல் வழியில் அழுக்கு எப்படிச் சேர்கிறது என்பது பலர் எண்ணுவதற்கு நேர்மாறானது. வண்டி ஓடும்போது சேர்வதைவிட, ஓடிச் சூடேறிய வண்டியை நிறுத்திய பிறகு சேர்வதே இன்ஜெக்டரைப் பொறுத்தவரை அதிகம். எஞ்சினை அணைத்ததும் குளிர்விக்கும் நீரின் ஓட்டம் நின்றுவிடுகிறது. இன்ஜெக்டர் வழியே பாய்ந்து அதைக் குளிர்வித்துக்கொண்டிருந்த பெட்ரோலும் நின்றுவிடுகிறது. ஆனால் எஞ்சின் தலைப்பகுதியில் தேங்கிய சூடு உடனே தணிவதில்லை. சுற்றியுள்ள பாகங்களுக்கு ஏறுகிறது. அப்போது இன்ஜெக்டர் முனையில் ஒட்டியிருக்கும் ஓரிரு துளி பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போக, கனமான பகுதி சூட்டிலும் காற்றிலும் கெட்டிப்பட்டுப் பிசின் போலப் படிகிறது. ஒருமுறை படிவது ஒன்றுமில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு நிறுத்தி, கடைக்குப் போய் நிறுத்தி, மாலையில் கோயிலுக்குப் போய் நிறுத்தி என்று நாளுக்கு ஐந்தாறு முறை சிறுதூரம் ஓடி, சென்னையின் வெயிலில் நின்று வேகும் காரில் இது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதே ஆண்டில் ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் செங்கல்பட்டு வரை போய்வரும் கார் இரண்டு மடங்கு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அதன் இன்ஜெக்டர்கள் தூய்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் படிவு மிக மெல்லியதுதான். ஆனாலும் இன்ஜெக்டரின் துளைகள் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலானவை என்பதால் அந்த மெல்லிய படலமே அதிகம். கூம்பு வடிவில் பனித்தூறல் போல விழ வேண்டிய பெட்ரோல், ஒரு பக்கமாகச் சாய்ந்த தாரையாக விழுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் அதிகம் செல்வதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஐடிலில் இன்ஜெக்டர் சில மில்லி நொடிகள் மட்டுமே திறந்து, மிகச் சிறிய அளவையே தெளிக்கிறது. அந்தச் சிறிய அளவில் ஏற்படும் சிறிய பிசகும் பெரிய விகிதம் ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நான்கு சிலிண்டர்களின் புகையையும் சேர்த்து முகர்ந்துபார்க்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு, ஒரு சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் குறைகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அது சராசரியைப் பார்த்துக் குறை சொல்ல, எஞ்சினின் கணினி நான்குக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அடைபட்ட ஒன்று ஓரளவு சரியாக, நன்றாக இருந்த மூன்றும் தேவைக்கு மேல் குடிக்கத் தொடங்குகின்றன. குலுக்கலும் மைலேஜ் குறைவும் கைகோத்து வருவது இதனால்தான்.

வால்வின் முதுகில் படியும் கரிக்கு வேறொரு குணம் உண்டு. அது பஞ்சு போன்றது. காலையில் முதல் முறை வண்டியைக் கிளப்பும்போது தெளிக்கப்பட்ட பெட்ரோலில் ஒரு பகுதியை அது உறிஞ்சி வைத்துக்கொள்வதால், முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் வண்டி திணறி, சூடேறிய பின் சீராகிவிடுகிறது. இப்படிக் காலையில் மட்டும் திணறும் வண்டியும், ஐடிலில் நடுங்கி வேகத்தில் சரியாகும் வண்டியும், மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமான வண்டியும்தான் கிளீனருக்கு ஏற்ற நோயாளிகள். நேற்று வரை நன்றாக ஓடி இன்று காலையில் திடீரென்று குலுங்கத் தொடங்கிய வண்டிக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு அல்ல. அழுக்கு ஒரே இரவில் சேர்வதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிறுத்தும் கார் என்றால், பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்ப்பது கிளீனர் வாங்குவதைவிடப் பயனுள்ள முதல் வேலை.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் பழைய ஹேட்ச்பேக் கார் குலுங்கத் தொடங்கியபோது, கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு மாதத்தில் இரண்டு குப்பி ஊற்றினேன். வண்டி மாறவில்லை. பிறகு ஒரு மெக்கானிக் சிறிய ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, பி0303 என்ற குறியீட்டைக் காட்டினார். மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். அவர் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டி ஓடவிட்டார். குறியீடு பி0302 ஆக மாறியது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டதால், குற்றவாளி காயில்தான் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. கோளாறு இடம் மாறாமல் அதே சிலிண்டரில் நின்றிருந்தால் பிளக்கையும், அதற்கடுத்து இன்ஜெக்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால் முதலில் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0300 என்பது எரிதல் தவறுவது ஒரு சிலிண்டரில் நிற்காமல் பரவலாக நடக்கிறது என்று சொல்கிறது; பி0171 என்பது கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று சொல்கிறது. பின்னது அடைபட்ட இன்ஜெக்டரால் வரலாம். காற்று கசியும் குழாயாலும் களைத்துப்போன பம்பாலும்கூட வரலாம். ஐடிலில் மட்டும் பெட்ரோல் குறைந்து, ஆர்.பி.எம். ஏறியதும் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவையும், மேட்டில் ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ குறைந்தால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றையும் நோக்குவது மெக்கானிக்குகளின் வழக்கம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை அதிகம் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும், அதன் விலைக்கு முன் எந்தக் குப்பியின் விலையும் பொருட்டல்ல. ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, உடல் மட்டும் அதிர்கிறது என்றால் எஞ்சின் மவுண்ட் என்னும் ரப்பர்த் தாங்கி தேய்ந்திருக்கலாம். அதுவும் எரிபொருள் சார்ந்ததல்ல.

சென்னையில் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார்கள் நீரில் மூழ்கியதை வேளச்சேரிக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் சிறிதளவு நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த அன்றோ, பெருமழைக்கு மறுநாளோ வண்டி திடீரென்று திணறினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்குக் கிளீனர் மருந்தல்ல. டேங்கை இறக்கி வடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலின் எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜ் சற்று இறங்குவது இயல்பு. வண்டி சீராக ஓடி மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால், அதற்காகக் குப்பி வாங்குவது வீண்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, அழுக்குதான் காரணம் என்று தோன்றினால் கிளீனரைப் பற்றிப் பேசலாம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலையில் வெறும் நீரை ஊற்றினால் எண்ணெய் போவதில்லை. சீயக்காய் தேய்த்தால் போகிறது. சீயக்காயில் உள்ள நுரைப்பொருளின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொண்டு, எண்ணெயை நீரோடு இழுத்துச் செல்கிறது. எரிபொருள் கிளீனரும் இதே வேலையைத்தான் செய்கிறது, நீருக்குப் பதில் பெட்ரோலில். அதன் மூலக்கூறில் நைட்ரஜன் கொண்ட தலை ஒன்றும், பெட்ரோலில் எளிதாகக் கரையும் நீண்ட வால் ஒன்றும் உண்டு. தலை அழுக்கைக் கவ்வ, வால் அதைப் பெட்ரோலுக்குள் இழுக்க, பிய்ந்து வந்த துணுக்கு எரியறைக்குப் போய் எரிந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் பொருள் எது, எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் ஒரு குப்பிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

பரவலாகப் பயன்படுபவை இரண்டு. பி.ஐ.பி.ஏ. எனப்படும் பாலிஐசோபியூட்டிலீன் அமைன், இன்ஜெக்டரையும் வால்வையும் அழுக்குப் படியாமல் காப்பதில் நல்லது. ஆனால் எரியறையின் சூட்டில் அது முழுவதும் எரிந்துபோகாமல் அங்கே தன் பங்குக்குச் சிறிது படிவை விட்டுச்செல்லும் இயல்புடையது. பி.இ.ஏ. எனப்படும் பாலிஈதர் அமைன், 1980களில் அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனத்தால் புகழ்பெற்றது. இது ஏற்கெனவே படிந்து இறுகிய கரியையும் கழற்றக்கூடியது, எரியறையிலும் மிச்சம் வைக்காமல் எரிந்துபோவது. திணறத் தொடங்கிவிட்ட வண்டிக்கு, அதாவது அழுக்கு ஏற்கெனவே இறுகிவிட்ட வண்டிக்கு, பி.இ.ஏ. உள்ள குப்பியே என் தேர்வு. சீராக ஓடும் வண்டியைச் சீராக வைத்துக்கொள்வதற்கு பி.ஐ.பி.ஏ. போதும்.

மூன்றாவது வகைக் குப்பிகளும் உண்டு. அவற்றில் கிளீனர் என்று சொல்லத்தக்க பொருள் மிகக் குறைவாகவும், மண்ணெண்ணெயையோ நாப்தாவையோ ஒத்த கரைப்பான் மிக அதிகமாகவும் இருக்கும். விலை மலிவு, பலனும் அவ்வாறே. முன்பக்கத்தில் எழுதியிருக்கும் ‘பிக்கப் கூடும், மைலேஜ் கூடும்’ என்பதைப் படிப்பதில் பயனில்லை. உற்பத்தி நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைத்தால், அதில் உட்பொருள் பகுதியைப் பார்க்க வேண்டும். பாலிஈதர் அமைன் என்ற பெயரோ அதன் சதவீத வரம்போ தெரிந்தால் நல்லது. காய்ச்சி வடித்த பெட்ரோலிய எண்ணெய்களின் பெயர்கள் மட்டுமே இருந்தால் யோசிக்க வேண்டும். சில நிறுவனங்கள் வணிக இரகசியம் என்று உட்பொருளை மறைப்பதும் உண்டு. வெளிப்படையாகச் சொல்லும் குப்பி பக்கத்திலேயே இருக்கும்போது, மறைக்கும் குப்பியை வாங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆக்டேன் பூஸ்டர் என்று விற்கப்படுவதைக் கிளீனர் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறனின் அளவு. சுத்தம் செய்வதோடு அதற்குத் தொடர்பில்லை. மாங்கனீசோ இரும்போ கலந்த சில பூஸ்டர்கள் ஸ்பார்க் பிளக்கின் மீது செந்நிறப் படிவை ஏற்படுத்தி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் ஊறு செய்யக்கூடியவை. 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த கார்களில் இதில் இன்னும் கவனம் தேவை. ஆக்சிஜன் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் தீங்கில்லாதது என்ற குறிப்பு குப்பியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எஞ்சினின் வகை. பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே இருந்து வால்வின் முதுகின் மீதே தெளிக்கிறது. கிளீனர் இன்ஜெக்டரையும் வால்வையும் ஒருசேரக் கழுவுகிறது. ஹூண்டாயின் டர்போ ஜி.டி.ஐ., ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஐ. போன்ற நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் பாய்வதால் வால்வின் முதுகைத் தொடுவதேயில்லை. அங்கே படிந்த கரியை டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் கழுவாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜெக்டரின் முனையே எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த எஞ்சின்களில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வதற்காக மட்டும் பி.இ.ஏ. ஊற்றலாம். டர்போ என்றாலே நேரடி உட்செலுத்தல் என்று முடிவுகட்ட வேண்டாம். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. சி.என்.ஜி.யில் அதிகம் ஓடும் கார் என்றால், பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால்தான் கிளீனர் வேலை செய்யும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டீசல் கார்களின் உலகமே வேறு: அங்கே 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டர்களுக்கு டீசலே மசகும் ஆகிறது, பெட்ரோலுக்கான கிளீனரை அதில் ஊற்றவே கூடாது.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டேங்க் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போது குப்பி முழுவதையும் ஊற்றிவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போடுவார்கள். இன்றைய விலையில் அது பத்து லிட்டர்கூட வராது. 350 மி.லி. குப்பி 60 லிட்டருக்கு என்று எழுதியிருந்தால், அது ஆறு மடங்கு கெட்டியான கரைசலாகிவிடும். 37 லிட்டர் டேங்க் கொண்ட ஸ்விஃப்ட் போன்ற காருக்கு அந்தக் குப்பியில் சுமார் 215 மி.லி. போதும், சற்றுக் கூடினால் பாதகமில்லை, பல மடங்கு கூடினால் எரியாமல் மிஞ்சுவது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்கும். இதே காரணத்தால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பாகக் கிளீனரைப் பயன்படுத்துவது நல்லது. எதிர்பாராமல் ஆயிலில் கலந்ததும் அதோடு வெளியே போய்விடும். முதலில் கிளீனரை ஊற்றி, அதன் மேல் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் இரண்டும் தாமாகக் கலந்துகொள்ளும்.

ஊற்றிய பின் தி.நகருக்கும் மாம்பலத்துக்கும் இடையே முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தால் பயன் குறைவு. ஒரு ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை நிதானமாக, ஒரே சீரான வேகத்தில் போய்வந்தால், சூடான எஞ்சினில் கிளீனர் இடைவிடாமல் பாயும். பாதி டேங்கில் மறுபடி பெட்ரோல் நிரப்பி அதை நீர்க்கச் செய்யாமல், கால் டேங்கிற்குக் கீழே இறங்கும் வரை ஓட்டுவது நல்லது. கிளீனர் டேங்கில் கிடக்கும்போது வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம். மிகப் பழைய காரில் டேங்கின் அடியிலிருந்து கிளம்பும் கசடு ஃபில்டரை அடைக்கக்கூடும் என்பதால், ஃபில்டரை மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

பெட்ரோல் டேங்கில் அந்துருண்டை போட்டால் வண்டி பறக்கும் என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் உண்டு. இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள நாப்தலீன் கரியைக் கழற்றாது. தான் முழுவதும் எரியாமல் கரியை வேண்டுமானால் கூட்டும். மண்ணெண்ணெய், அசிட்டோன் ஆகிய கைவைத்தியங்களும் ரப்பர் வளையங்களுக்கு ஊறு செய்யலாம் அல்லது கலவையைக் கெடுக்கலாம், தவிர்க்கப்பட வேண்டியவை. பங்குகளில் விற்கும் விலை கூடிய பெட்ரோலில் துப்புரவுப் பொருள் கூடுதலாக இருப்பதாக நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் அந்த அளவு, படியாமல் காப்பதற்கானது. இறுகியதைக் கழற்றுவதற்கு, குப்பியில் வரும் அளவு வேண்டும். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் துப்புரவுப் பொருள் கட்டாயம் என்பதால், அங்குள்ளவர்கள் ‘கிளீனரே தேவையில்லை’ என்று சொல்வதை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஒரு டேங்க் முழுவதும் ஓடி முடிந்ததும், ஐடில் முள்ளையும் காலைத் திணறலையும் கவனியுங்கள். பாதியாவது சரியாகியிருந்தால் அழுக்குதான் காரணம் என்பது உறுதி. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு குப்பி ஊற்றலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் அடுத்த குப்பி வாங்கும் பணத்தை மிச்சம் பிடித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கும் பெஞ்ச் உள்ள பட்டறைக்குப் போங்கள். அங்கே நான்கு இன்ஜெக்டர்களையும் வரிசையாக மாட்டி, ஒரே நேரத்தில் நான்கு கண்ணாடிக் குழாய்களில் தெளிக்கவிடுவார்கள். நான்கு குழாய்களிலும் திரவம் உரிய அளவில், ஒரே மட்டத்தில் நின்று, தெளிப்பும் கூம்பாக விழுந்தால் இன்ஜெக்டர்களில் குறையில்லை, வேறிடத்தில் தேட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதை அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுக் கழுவி, மறுபடியும் அதே குழாயில் தெளிக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.